எழுத்தின் ஓட்டம் பார்த்துச் செய்யும் வேலை

வன்னியில் ஒரு சங்கமோ பாடசாலையோ கடையோ இணையத்தளம் வேண்டும் என்று கேட்டால், வேலை பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடக்கிறது. ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து எங்கோ வரையப்பட்ட டெம்பிளேட் (முன்கூட்டியே செய்துவைத்த பக்க வடிவம்) ஒன்று முதலில் தெரிவு செய்யப்படுகிறது. நிறங்களும் படங்களும் மாற்றப்படுகின்றன, முகப்பில் ஓடும் படவரிசை ஒன்று சேர்க்கப்படுகிறது, எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சிய இடங்களில் தமிழ் போடப்படுகிறது. பொத்தானுக்குள் அடங்காத சொல் நடுவில் உடைகிறது. ஒரு வரியின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் மேல்விலங்கோடு முட்டுகிறது. வாசிப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரலால் பெரிதாக்கி வாசிக்கிறார். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதே தொழிலைச் செய்துவரும் நான், இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். முதலில் சொல்ல வேண்டிய செய்தி தமிழில் எழுதப்பட வேண்டும், பிறகு அந்த எழுத்துகள் திரையில் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும், அதன் பிறகே பக்கத்தின் வடிவத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதிரை மரத்தில் வேலை செய்யும் தச்சர் பலகையின் ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் சீவுளியை எடுப்பார். ஓட்டத்துக்கு எதிராகச் சீவினால் பலகை பிய்யும் என்பது அவருக்குக் கையால் தெரியும். இணையப் பக்கத்தில் நமக்குக் கிடைக்கும் பலகை எழுத்துதான். ஒரு பக்கத்திலிருந்து படங்களையும் நிறங்களையும் எடுத்துவிட்டாலும் செய்தி நிற்கும். எழுத்தை எடுத்துவிட்டால் ஒன்றும் நிற்காது. ஆகவே வடிவமைப்பைக் கைவினையாகக் கொள்ளும் ஒருவர் முதலில் பழக வேண்டியது தமிழ் எழுத்தோடுதான் என்பது என் எண்ணம். வரைகலை மென்பொருள்களின் புதிய வசதிகளைக் கற்பதற்கு நாம் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இதற்குக் கொடுக்கலாம்.

தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைவிட அகலமானது, சுழிகள் நிறைந்தது. ண, ஞ, ணை, ளு போன்றவற்றில் கோடுகள் நெருங்கி நிற்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமானதாக இருக்கும் 16 பிக்சல் அளவில் தமிழ் பல எழுத்துருக்களில் நெரிசலாகத் தெரியும். நான் உடல் எழுத்தை, அதாவது பக்கத்தின் பிரதான வாசகத்தை, 18 பிக்சலுக்குக் குறைவாக வைப்பதில்லை. வரி உயரத்தை எழுத்தளவின் 1.7 மடங்காக வைத்து, பிறகு எழுத்துருவைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கிறேன். கீ, மீ என்பவற்றின் சுழி மேலே ஏறுகிறது. கூ, நூ, மூ என்பவற்றின் சுழி கீழே இறங்குகிறது. வரிகள் நெருக்கமாக இருந்தால் இவை இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். இதைச் சோதிக்க, மேலே 'மூன்று நூல்கள்' என்றும் நேர் கீழே 'கீரிமீது வீசி' என்றும் பொருளற்ற இரண்டு வரிகளை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அவை முட்டாமல் நின்றால் மற்றவையும் நிற்கும்.

தடித்த எழுத்திலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் தலைப்புக்கு மிகத் தடித்த எழுத்து கம்பீரமாக இருக்கும். தமிழில் அதே தடிப்பு ண, ழ போன்றவற்றின் உள்வெளியை அடைத்துவிடும். நடுத்தரத் தடிப்பே பெரும்பாலும் போதும். சாய்ந்த எழுத்து என்ற மரபு தமிழ் அச்சில் வேரூன்றியதில்லை. எழுத்துருவில் சாய்ந்த வடிவம் இல்லாதபோது உலாவி தானாகவே எழுத்தைச் சரித்துக் காட்டும். அது காற்றில் சாய்ந்த வேலிபோல் கிடப்பதைவிட, பக்கத்தின் தோற்றத்தைக் குறிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அந்தப் போலிச் சாய்வை நிறுத்திவிட்டு மேற்கோளுக்கு வேறு நிறத்தையோ ஓரக் கோட்டையோ பயன்படுத்துவது நல்லது. ஆங்கிலத் தலைப்புகளில் பேரெழுத்துகளால் கிடைக்கும் வேறுபாடு நமக்கு இல்லாததால், பேரெழுத்தை நம்பி வரையப்பட்ட டெம்பிளேட்டில் தமிழ்த் தலைப்பும் உடலெழுத்தும் ஒன்றுபோல் தெரிகின்றன. அந்த வேறுபாட்டை அளவாலும் வெற்றிடத்தாலும் உண்டாக்க வேண்டும். இணைப்புச் சொற்களின் அடிக்கோடு கீழ்ச்சுழிகளை வெட்டாதபடி அதைச் சற்றுக் கீழே தள்ளுவதற்கும் சிஎஸ்எஸ்ஸில் வழி இருக்கிறது. இவை எல்லாம் ஒரு வரிக் கட்டளைகள்தான். ஆனால் தமிழை முதலில் வைத்துப் பார்த்தவருக்கு மட்டுமே அவற்றின் தேவை தெரியும்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்குப் பின்னால், கணினி வைத்திருக்கும் எழுத்து இன்னொன்று இருக்கிறது. கிளிநொச்சி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கி, ளி, நொ, ச், சி என்று நமக்கு அது ஐந்து எழுத்து. எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் பொதுவாக எண் கொடுக்கும் யுனிகோட் முறையில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறிகள் இருப்பதால் கணினிக்கு அது 10 குறிகள்; அந்தக் குறிகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுப்பதால் சேமிப்பில் அது 30 பைட். படிவம் ஒன்றில் 'பெயர் 20 எழுத்துக்கு மேற்படக் கூடாது' என்று எழுதியிருந்தால், நிரலாளர் எதை எண்ணுகிறார் என்பதைப் பொறுத்து ஒருவரின் பெயர் பாதியில் வெட்டுப்படும். வெட்டு புள்ளிக்கு முன்னால் விழுந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிப் பெயரே மாறிவிடும்.

அதே கிளிநொச்சியில் நடுவிலுள்ள 'நொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். நகரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. நகரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக அடுத்தடுத்துச் சேர்ப்பது மற்ற வழி. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தேடும்போது மட்டும், ஒரு வழியில் எழுதியதை மற்ற வழியில் தேடினால் கிடைக்காது. யுனிகோட் தரப்படுத்தல் என்ற செயல்முறை இவை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தரவைச் சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் அதை ஒருமுறை ஓடவிட்டால் போதும்.

கௌதாரிமுனையின் சிக்கல் இதைவிடக் கடினமானது. பூநகரிக்கு அப்பாலுள்ள அந்த ஊரின் பெயரைச் சிலர் ஔகாரக் குறியோடு முறையாக எழுதுகிறார்கள். வேறு சிலர் 'கெ' என்ற எழுத்தையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'கெளதாரிமுனை' என்று எழுதுகிறார்கள். பார்வைக்கு வேறுபாடே இல்லை. யுனிகோட் தரப்படுத்தல் இதைத் திருத்தாது. ஏனென்றால் 'கெள' என்பது தமிழில் வரக்கூடிய இரண்டு எழுத்துகள், 'கெளிறு' என்ற மீனின் பெயர் அவற்றோடுதான் தொடங்குகிறது. இதன் வேர் பழையது. யுனிகோட் பரவுவதற்கு முன்பிருந்தே இலங்கையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்ட ஆவணங்கள் ஏராளம், இன்றும் அச்சகங்களில் அது புழங்குகிறது. பாமினியில் ஔகார உயிர்மெய்யின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். பாமினிக் கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றும் மென்பொருள் ஒவ்வோர் இடத்திலும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நான் செய்யும் ஊர்ப்பெயர்த் தேடல்களில் இப்படிப்பட்ட பெயர்களுக்கு இரண்டு வடிவங்களையும் உள்ளே வைத்துவிட்டு, காட்டும்போது சரியான வடிவத்தை மட்டும் காட்டுகிறேன். பயனாளர் எப்படித் தட்டினாலும் தன் ஊர் கிடைக்க வேண்டும். தன் ஊர்ப் பெயரைப் பட்டியலில் காணாத ஒருவர் அந்தத் தளத்தை மறுபடி நம்பமாட்டார்.

அகரவரிசையும் இப்படித்தான். தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வரும். யுனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. பரந்தன், பளை, பனங்காமம் என்று வர வேண்டிய மூன்று ஊர்கள், கணினியின் குறியெண் வரிசையில் பனங்காமம், பரந்தன், பளை என்று வந்து நிற்கும். உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் தமிழ் மொழியைக் குறித்து வரிசைப்படுத்தும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதை அழைத்தால் சரியான வரிசை கிடைக்கும். இருந்தும் பெரும்பாலான தளங்களில் ஊர்ப் பட்டியல் தாறுமாறாகவே கிடக்கிறது. நீண்ட பட்டியலில் விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடும் ஒருவருக்கு, தான் பள்ளியில் படித்த வரிசை இங்கே ஏன் பிழைத்துப்போனது என்று விளங்காது.

மாதப் பெயரும் எண்ணும் சிறிய விடயங்கள், ஆயினும் விடக் கூடாதவை. தமிழ் என்று மட்டும் குறித்தால் மென்பொருள் நூலகங்கள் அக்டோபர், ஆகஸ்ட் என்றும் 1,00,000 என்றும் இந்திய வழக்கில் தரும். இங்கே ஒக்டோபர், ஓகஸ்ட் என்றும் 100,000 என்றும் எழுதுகிறோம். நான் மாதங்களின் பெயர்களை என் கையால் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இனி, சொல்லிலிருந்து தொடங்குவது எப்படி என்பதற்கு ஒரு வேலையை எடுத்துக்காட்டுகிறேன். ஒரு கமக்காரர் அமைப்புக்கு அறிவித்தல் தளம் ஒன்று தேவைப்பட்டது. கோடைப் பயிர்ச்செய்கையான சிறுபோகத்தில் குளத்திலுள்ள நீரின் அளவைப் பார்த்து, எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். பிறகு துருசு (மதகு) திறக்கும் நாட்களும் வாய்க்கால்களின் முறையும் அறிவிக்கப்படும். அமைப்பின் தலைவரிடம், தளத்தில் என்னென்ன இருக்க வேண்டும் ஐயா என்று கேட்டேன். அமைப்பின் வரலாறு, நிர்வாகசபையின் படங்கள், நோக்கங்கள் என்று சிலர் ஏற்கெனவே பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "தம்பி, எங்கட வாய்க்காலுக்கு எண்டைக்குத் தண்ணி எண்டு சனத்துக்குத் தெரிஞ்சால் காணும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, திரையில் ஒன்றும் வரையாமல், முதலில் குறுஞ்செய்தி ஒன்றை எழுதினோம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 குறிகள் அடங்கும். தமிழ் யுனிகோட்டில் 70 மட்டும்தான். அதற்கு மேல் போனால் செய்தி இரண்டாகி, செலவும் இரண்டாகும். 'வாய்க்கால் 3: புதன் காலை 6 முதல் வியாழன் மாலை 6 வரை தண்ணீர்.' என்ற வரி 60 குறிகளுக்குள் முடிகிறது. மரியாதைத் தொடர்கள், அறியத்தருகின்றோம் என்ற முடிவுரை எல்லாம் போன பிறகு எஞ்சிய இந்த வரியே தளத்தின் வடிவத்தையும் தீர்மானித்தது. வாய்க்கால் எண், தொடக்கம், முடிவு என மூன்று விவரங்கள். ஆகவே பக்கத்தின் உச்சியில் அந்த மூன்றும் பெரிய எழுத்தில். கீழே மற்ற வாய்க்கால்கள். அதற்கும் கீழே, தேடிப் போகிறவர்களுக்காகக் கூட்டத் தீர்மானங்கள். நிர்வாகசபையின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் தனிப்பக்கத்தில். ஓடும் படவரிசைக்கு அங்கே இடமே வரவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. நல்ல வடிவமைப்பின் பெரும்பகுதி இப்படித் தீர்மானிக்கும் வேலைதான் என்று நான் கருதுகிறேன். எது முதலில், எது பிறகு, எது வேண்டாம் என்பது முடிவாகாத பக்கத்தை எந்த நிறமும் காப்பாற்றாது.

அந்தப் பக்கத்தை யார், எங்கே நின்று திறப்பார்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஏ9 வீதியோரம் நல்ல கவரேஜ் இருக்கலாம். உள்ளே வயல் வெளியில் நின்று பார்த்தால் ஒரு கோடு வரும், போகும். பலர் சிறு தொகைக்கு ரீலோட் போட்டு டேட்டாவைக் கணக்குப் பார்த்துப் பயன்படுத்துகிறார்கள். இணைப்பு தொடங்கும்போது பெரும்பாலான சேவையகங்கள் முதல் தவணையில் சுமார் 14 கிலோபைட் அளவை அனுப்பிவிட்டு, மறுமுனையிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கும். ஆகவே முக்கியமான செய்தி அந்த முதல் தவணைக்குள் அடங்கிவிட்டால், மோசமான இணைப்பிலும் அது வந்து சேரும். தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட் ஆகிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை. தமிழ்க் குறிகளின் பைட்டுகளில் திரும்பத் திரும்ப ஒரே பகுதி வருவதால் சேவையகத்தில் சுருக்கி அனுப்பும் வசதியை இயக்கினால் அவை நன்றாகச் சுருங்கும்.

எழுத்துரு விடயத்தில் என் நிலைப்பாடு சிலருக்குப் பிடிப்பதில்லை. முக்தா மலர், கட்டமரன் போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றின் அழகை நான் மதிக்கிறேன். ஆனால் அண்ட்ராய்டு தொலைபேசிகளில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பைட்டும் இறக்காமல் தெளிவான தமிழ் கிடைக்கும்போது, அறிவித்தல் தளம் ஒன்றுக்கு வேறு எழுத்துருவை அனுப்புவதை நான் தவிர்க்கிறேன். ஒரு புகைப்படக் கலைஞரின் தளத்துக்கோ கோவில் மலர் ஒன்றின் இணையப் பதிப்புக்கோ தனி எழுத்துரு தேவையென்றால், அதைச் சுருக்கிய கோப்பாக அனுப்பி, அது வந்து சேரும்வரை தொலைபேசியின் சொந்த எழுத்தில் பக்கத்தைக் காட்டச் சொல்கிறேன். வெறுமையான பக்கத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் காத்திருக்கக் கூடாது. பக்கத்தின் அடிப்படைச் செய்தி ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லிலேயே இருக்க வேண்டும் என்பதும் இதன் தொடர்ச்சிதான். 1991இல் சேர்ன் ஆய்வுக்கூடத்தில், உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் பக்கங்கள் வெறும் எச்டிஎம்எல்லால் ஆனவை. இன்றைய உலாவியும் அவற்றைத் திறந்து காட்டும். நாம் செய்யும் தளங்களுக்கும் அந்த ஆயுள் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறைக்குள் பெரிய திரையில் நாகரிகமாகத் தெரியும் வெளிர்சாம்பல் எழுத்து, நண்பகலில் குளக்கட்டில் நிற்பவருக்கு மறைந்தே போய்விடும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கதாகப் பக்கங்களை அமைக்கச் சொல்லும் இணைய உள்ளடக்க அணுகல் நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. வெள்ளையில் 999999 என்ற நிறக்குறி கொண்ட சாம்பல் 2.85 மட்டும்தான் தருகிறது. 777777 மயிரிழையில் தவறி 4.48இல் நிற்கிறது, 767676 தான் 4.54 என்று கடக்கிறது. இந்த எல்லை குறைந்தபட்சம் மட்டுமே. வயல்வெளியில் வாசிக்கப்படும் பக்கத்துக்கு 7க்கு 1 என்ற மேல்நிலை எல்லையை நான் கீழெல்லையாகக் கொள்கிறேன். வெள்ளையில் கிட்டத்தட்டக் கறுப்பான எழுத்து. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து கேட்கும் வாடிக்கையாளரை, தொலைபேசியோடு வெளியே முற்றத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினால் அவர் தாமே மாற்றச் சொல்லிவிடுவார்.

அணுகல் என்பதை வெளிநாட்டு விதிமுறையாகப் பார்க்கும் போக்கு நம்மிடையே உண்டு. வன்னியில் அப்படிப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. 2009 வரை நடந்த போரில் பார்வையை இழந்தவர்களும் கையை இழந்தவர்களும் நம் தெருவில், நம் குடும்பங்களில் வாழ்கிறார்கள். ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்து அதே கையின் பெருவிரலால் தட்டுபவருக்கு, திரையின் மேல்மூலையிலுள்ள சிறு பொத்தான் எட்டாது. அதே அணுகல் நெறிகளின், 2023இல் வெளிவந்த 2.2 பதிப்பு, தொடும் இலக்கு குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்று கேட்கிறது, மேல்நிலையில் 44. நான் முக்கியமான பொத்தான்களை 48 பிக்சல் உயரத்தில், திரையின் கீழ்ப்பாதியில் வைக்கிறேன். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் மூலம் தமிழைக் கேட்கிறார்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் முதல் வரியிலேயே குறிக்காவிட்டால், அந்த வாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைத் திணறடிக்கும் அல்லது மௌனமாக இருந்துவிடும். அதைச் சரிசெய்வதற்கு ஒரே ஒரு சொல் போதும். அறிவித்தலைப் படமாக்கி வட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றவர்களால் எளிதில் கேட்க முடியாது, மற்றவர்களால் எளிதில் தேடவும் முடியாது. படம் அனுப்பலாம், அதோடு அதே செய்தியை எழுத்திலும் போட்டுவிட வேண்டும்.

படிவங்கள் இன்னொரு தனி உலகம். இங்கே இணையப் படிவத்தைப் பெரும்பாலும் நிரப்புவது விண்ணப்பதாரர் அல்லர், கொமினிக்கேசன் கடையில் இருக்கும் பிள்ளைதான். பிரதி எடுத்து, படம் பிடித்து, பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுத்து, இடையில் விண்ணப்பமும் நிரப்பிக் கொடுக்கும் அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் ஒவ்வொரு கவனக்குறைவும் ஒரு வரிசையைத் தாமதமாக்குகிறது. ஆகவே படிவம் ஒன்றைச் செய்து முடித்ததும் அப்படிப்பட்ட ஒரு கடையில் அனுமதி கேட்டு, அருகில் இருந்து பார்ப்பேன். வாய்திறந்து விளக்கம் சொல்வதில்லை. எங்கே கை நிற்கிறது என்பதை மட்டும் கவனிப்பேன்.

அங்கே இருந்து பார்த்தால் அலுவலக மேசையில் தெரியாதவை தெரியும். ஒரே கணினியில் பலரின் விவரங்கள் அடுத்தடுத்து நிரப்பப்படுவதால், உலாவி முந்தையவரின் பெயரையும் இலக்கத்தையும் இவருடைய கட்டத்தில் காட்டும். பொதுக் கணினியில் திறக்கப்படக்கூடிய படிவத்தில் அந்தத் தானியங்கி நிரப்புதலை நிறுத்தச் சொல்லிக் குறிப்பிட வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்கள், தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதும் நம் பெயருக்குப் பொருந்துவதில்லை. 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்' என்ற ஒரே கட்டம் போதும். அடையாள அட்டை இலக்கத்துக்கு எண் விசைப்பலகையை மட்டும் திறக்கும்படி வைப்பது நல்ல யோசனைபோல் தோன்றும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டைக்கு 12 இலக்கங்கள்; அதற்கு அது சரி. பழைய அட்டையில் 9 இலக்கங்களோடு கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எண் விசைப்பலகையில் அந்த எழுத்தைத் தட்ட வழியே இல்லை. பழைய அட்டையை வைத்திருப்பவர்களில் பலர் வயதில் மூத்தவர்கள், ஏற்கெனவே தொலைபேசியோடு போராடுபவர்கள். அவர்களையே நம் படிவம் வெளியே நிறுத்துகிறது.

இவ்வளவையும் செய்ய நேரம் பிடிக்கும், நேரம் பணம் கேட்கும். டெம்பிளேட்டில் ஒரு வாரத்தில் முடித்துத் தருபவரோடு விலையில் நான் போட்டியிட முடியாது. டெம்பிளேட்டைப் பழிக்கவும் நான் விரும்பவில்லை. தன் கடையின் முகவரியையும் திறக்கும் நேரத்தையும் மட்டும் காட்ட விரும்பும் ஒருவருக்கு அது போதும், அந்தப் பணத்தை அவர் வேறு எதற்காவது செலவிடலாம். ஆனால் பலர் நம்பியிருக்கும் பொதுச் செய்தியைத் தாங்கும் தளத்தை அப்படிச் செய்யக் கூடாது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வளாகமும் இருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்த இளையவர்களுக்கு வன்னியில் குறைவில்லை. அவர்களில் யாராவது என்னிடம் வேலை பழக வந்தால், முதல் வேலையாக ஒரு பழைய அறிவித்தலைக் கொடுத்து, நிறமும் படமும் இல்லாமல், எழுத்தளவையும் வெற்றிடத்தையும் மட்டும் கொண்டு வாசிக்கத்தக்க பக்கமாக மாற்றச் சொல்கிறேன். ஒரு சிலர் அதை அலுப்பான வேலையாக நினைத்து விலகுகிறார்கள். இருந்து செய்பவர்கள் தங்கள் பாட்டிக்கோ அயலவருக்கோ அதைக் காட்டி, எங்கே தடங்கினார்கள் என்று குறித்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தாலே யாரிடம் இந்தத் தொழில் நிற்கும் என்று தெரிந்துவிடும்.

ஒப்படைக்கும் நாளையும் வேலையின் ஒரு பகுதியாகவே நான் கொள்கிறேன். தளத்தின் பெயர், அது .எல்கே என்று முடிந்தாலும் .இலங்கை என்று முடிந்தாலும், செய்து கொடுத்தவரின் பெயரில் பதிவாகியிருக்கக் கூடாது. அமைப்பின் பெயரில், அமைப்பின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்தவர் வெளிநாடு போனதும் பெயரைப் புதுப்பிக்க ஆளில்லாமல் மறைந்த தளங்கள் இங்கே உண்டு. அறிவித்தலை மாற்றுவது எப்படி என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதி, அதைச் செய்யப்போகிறவரையே என் முன்னால் இரண்டு அறிவித்தல்கள் போடச் சொல்கிறேன். அவர் தடங்கும் இடத்தில் தாளைத் திருத்துகிறேன், சில வேளை திரையையே திருத்துகிறேன். கடவுச்சொற்கள் மூடிய உறையில் செயலாளரிடம் போகின்றன. பெயரைப் புதுப்பிக்க வேண்டிய திகதி, அமைப்பின் கூட்டக் குறிப்பேட்டில் பொருளாளரின் கையால் எழுதப்பட்ட பிறகே மீதிப் பணத்தை வாங்கிக்கொள்கிறேன்.